படிப்பா, போராட்டமா என்று கேட்பவர்களுக்கு

(அல்லிநகரத்தில் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கூட்டம் தொடங்குவதற்கு முன்பே துண்டுச் சீட்டில் கேள்வி எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். வந்த சீட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அண்ணே, படிப்பு இருக்கு, இயக்க வேலை இருக்கு, நாளைக்கு வேலை கிடைக்குமாங்கிற பயம் இருக்கு. மூணையும் எப்படிச் சமாளிக்கிறது?" வேறு எதைப் பேசினாலும் அது உங்களை ஏமாற்றுவதாகும். எனவே இதை மட்டும் பேசுகிறேன்.

இந்தக் கேள்வி எல்லா மாணவனுக்கும் இருப்பதுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே எடையில் இல்லை. மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பாடத்தை எடுப்பது, எந்தத் தேர்வு எழுதுவது என்று சாப்பாட்டு இலைக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். நம் பிள்ளைக்கு விண்ணப்பத்தின் கடைசித் தேதியே, அது முடிந்த பிறகுதான் தெரிகிறது. கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் இந்த அல்லிநகரத்திலிருந்தும் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவன் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி தாண்டி இறங்க வேண்டும். இங்கிருந்தே அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. 1928-இல் போட்ட மதுரை - போடி ரயில் பாதையை அகலப் பாதையாக்கப் போகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன். பன்னிரண்டு வருசம்! அதற்குள் ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்து முதுகலையே முடித்துவிடலாம். சொந்த வண்டி உள்ளவனுக்கு அது செய்தி. பஸ்ஸில் நின்றுகொண்டே போனவனுக்கு அது தினம் இழந்த படிப்பு நேரம்.

விடுமுறை வந்தால் என்ன ஆகிறது? ஆத்தா விடியக் காலம்பர ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறார். போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி என்று மலை ஏறினால்தான் கூலி. மகன் திராட்சைத் தோட்டத்தில் பெட்டி தூக்கப் போகிறான். மகள் தம்பி தங்கைக்குச் சோறாக்குகிறாள். ஜாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடப்பது தனிக் கணக்கு. நேரமும் ஒரு சொத்துதான் தோழர்களே. நிலத்தைப் போலவே அதையும் சாதிவாரியாகத்தான் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். எனவே உனக்கு நேரம் போதவில்லை என்றால் உன் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று எவனாவது சொன்னால் நம்பாதே.

சரி, வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "நமக்கு எதுக்குய்யா வம்பு? மொதல்ல படிச்சு முடி. ஒரு வேலையில உக்காரு. அப்புறம் அம்பேத்காரு, கிம்பேத்காரு எல்லாம் பாத்துக்கலாம்." இப்படிச் சொல்கிற பெற்றோரைக் கோழை என்று பேசுகிற இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். 1989-இல் போடி வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இந்தப் பள்ளத்தாக்கில் உயிரோடு இருக்கிறார்கள். குடிசை எரிந்தால் முதலில் எரிவது பிள்ளையின் புத்தகமும் சான்றிதழும்தான் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களின் பயம் அனுபவத்தில் வந்தது.

ஆனால் அவர்கள் சொல்கிற வரிசை சரியா? முதலில் படிப்பு, பிறகு வேலை, கடைசியில் போராட்டம் என்பது சரியா? நீ இன்றைக்குப் படிக்கிற படிப்பே யாரோ போராடியதால் வந்தது. 1942-இல் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். அந்த ஆண்டே பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதி வைஸ்ராயிடம் மனுவாகக் கொடுத்தார். உயர்கல்விக்குப் பணம் ஒதுக்கு என்று கேட்டார். 1944-45-இல் நம் மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கு நீ வாங்குகிற உதவித்தொகையின் வேர் அதுதான். அது கருணையினால் வரவில்லை. கருணையினால் நிற்கவும் இல்லை. 2018-இல் விதியை மாற்றி, தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவனுக்கு உதவித்தொகை கிடையாது என்றார்கள். மத்திய அரசு தன் பங்கைச் சுருக்கிக்கொண்டே போய், மாநிலங்கள் தலையில் சுமையைக் கட்டியது. நாடெங்கும் எதிர்ப்பு வந்த பிறகு, 2020 டிசம்பரில்தான் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கு முடிவானது. பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்போ விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அசையாமல் கிடக்கிறது. கேட்க ஆள் இல்லாத உரிமை காய்ந்து போகும். படிப்பு முடியட்டும் என்று எல்லோரும் காத்திருந்தால், அடுத்து வருகிறவனுக்குப் படிப்பே இருக்காது.

இன்னொரு பக்கம் நம் ஆட்கள் சிலர் தலைகீழாகச் சொல்கிறார்கள். "பட்டம் எதுக்கு? அது பார்ப்பானுடைய படிப்பு. களத்துக்கு வா." இப்படிப் பேசுகிறவரின் பிள்ளை எங்கே படிக்கிறது என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

அண்ணலின் வாழ்க்கையைச் சுவரொட்டியில் பார்த்தது போதும். தேதி வாரியாகப் பார்ப்போம். 1913-இல் பரோடா அரசின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். 1916 மே 9 அன்று வகுப்புக் கருத்தரங்கில் ஒரு கட்டுரை படிக்கிறார். பேராசிரியருக்குக் கொடுக்க வேண்டிய பாடக் கட்டுரைதான். தலைப்பு என்ன? இந்தியாவில் சாதிகள். சாதி எப்படி உண்டானது, எப்படி நீடிக்கிறது என்று பெண்களின் மேல் சுமத்தப்பட்ட கட்டுப்பாடுகளிலிருந்து விளக்குகிறார். மதிப்பெண்ணுக்காக எழுதியதையே விடுதலைக்கான ஆயுதமாக எழுதினார். படிப்பும் இயக்கமும் அங்கே ஒரே தாளில் இருந்தன.

1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்புகிறார். ஒப்பந்தப்படி பரோடாவில் வேலை. அங்கே தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டுகிறார்கள். அவ்வளவு படித்தவருக்கு அலுவலகத்தில் கோப்பைத் தூக்கி எறிகிறான் சேவகன். வேலை போச்சு. 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிறார். 1920 ஜனவரி 31-இல் 'மூக்நாயக்' பத்திரிகை வருகிறது. கவனியுங்கள், ஆசிரியர் என்று அவர் பெயர் போடவில்லை. அரசு வேலையில் இருந்ததால் இன்னொரு தோழர் ஆசிரியராக நின்றார். பின்னால் நின்று நடத்தியவர் அண்ணல். அதே ஆண்டு ஜூலையில், சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் கடன் இவற்றோடு மறுபடி லண்டன். விட்ட படிப்பை 1923-இல் முடித்துவிட்டுத் திரும்புகிறார்.

1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை தொடங்குகிறார். 'கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர்' என்பது அதன் முழக்கம். சபையின் முதல் வேலைகளில் ஒன்று 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. ஊர்வலத்துக்கு முன்னால் விடுதி! அந்தக் காலத்தில் வீட்டுச் செலவுக்கு வக்கீல் தொழில், அதோடு ஒரு பயிற்சி நிறுவனத்தில் பகுதி நேரமாக வணிகச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறார். 1927 மார்ச் 20-இல் மகத் குளத்தில் தண்ணீர் எடுக்கிறார். அதே ஆண்டு ஜூனில் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு முறைப்படி டாக்டர் பட்டம் கொடுக்கிறது. டிசம்பர் 25-இல் மனுதர்மம் எரிகிறது. ஒரே வருசத்தில் மூன்றும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். மூன்றையும் எல்லா நாளும் சம அளவில் செய்ய முடியாது. அண்ணலாலும் முடியவில்லை. சில வருசம் நூலகம் பெரிசு, சில வருசம் களம் பெரிசு, சில வருசம் சம்பளம் பெரிசு. ஆனால் ஒன்றைச் செய்யும்போது மற்ற இரண்டின் கதவையும் அவர் சாத்தவில்லை. இன்னொன்று, அவர் தனியாகவும் செய்யவில்லை. வீட்டில் ரமாபாய் வறுமையைத் தாங்கினார். பிள்ளைகளைச் சாகக் கொடுத்தார். அந்த அம்மாவின் உழைப்பைச் சேர்க்காமல் அண்ணலின் படிப்பைக் கணக்குப் போடக் கூடாது.

இனி நம் விசயத்துக்கு வருவோம். முதலில் படிப்பு. அரியர் வைப்பதை வீரம் என்று நினைக்கிற பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது. ஆதிக்கச் சாதிக்காரன் அரியர் வைத்தால் அவனுக்கு அப்பன் கடை இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. நீ வைத்தால் "கோட்டாவுல வந்தவன் இப்படித்தான்" என்பான். உன் தாளில் விழுகிற சிவப்புக் கோடு உன் தம்பி மேலேயும் விழுகிறது. வருகைப் பதிவு எழுபத்தைந்து சதம் இல்லாமல் தேர்வு எழுத விடாமல் நிறுத்தினால், போராடிய பிள்ளையைத் தண்டிக்க நிர்வாகத்துக்கு வேறு காரணமே வேண்டாம். நாமே கத்தியைத் தீட்டி அவன் கையில் கொடுக்கக் கூடாது.

எப்படியும் ஒரு ஆய்வுத்திட்டம் எழுதத்தான் போகிறாய். கடையில் பணம் கொடுத்து எவனோ எழுதிய பழையதை வாங்காதே. வரலாறு படிக்கிறவன் பஞ்சமி நிலத்தை எடு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் அறிக்கை கொடுத்து, 1892-இல் அரசாணை வந்த நிலம். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. உன் தாலுகாவில் இன்று அது யார் கையில்? 1994-இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தது இதைக் கேட்டதற்காகத்தான். பொருளாதாரம் படிக்கிற தங்கச்சி, ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களின் கூலியையும் ஜீப்புக்குப் போகிற நேரத்தையும் கணக்கெடு. வணிகவியல் படிக்கிறவன் விடுதிக் கணக்கைப் பார். ஆதிதிராவிடர் நல விடுதியில் கல்லூரி மாணவருக்கு மாத உணவுப்படி 1,100 ரூபாயாக இருந்தது. 2023-இல்தான் 1,500 ஆனது. முப்பதால் வகுத்தால் நாளைக்கு ஐம்பது ரூபாய். மூன்று வேளைக்கு! அதில் எத்தனை ரூபாய் தட்டுக்கு வந்து சேருகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடு. மதிப்பெண்ணும் கிடைக்கும், இயக்கத்துக்கு ஆவணமும் கிடைக்கும்.

இரண்டாவது, இயக்கம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். நம் இயக்கங்கள் மாணவனை எதற்குப் பயன்படுத்துகின்றன? சுவரொட்டி ஒட்ட, கொடி கட்ட, வேனில் ஏறிக் கூட்டம் காட்ட, தலைவர் பிறந்தநாளுக்குப் பட்டாசு வெடிக்க. தேர்வுக்கு முந்தின நாள் போன் போட்டு, "தம்பி, நாளைக்குப் பத்து பேரோட வந்துரு" என்கிறார்கள். தேர்வு தோற்றவனை அடுத்த வருசம் யாரும் தேடுவதில்லை. புதுப் பையன் கிடைத்துவிடுகிறான். இது கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது. பண்ணையார் செய்ததும் அதைத்தான். மாணவனின் தேர்வு அட்டவணை தெரியாத பொறுப்பாளருக்கு மாணவனைக் கூப்பிடும் உரிமை இல்லை என்று இந்தக் கூட்டத்திலேயே முடிவெடுங்கள்.

பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். அவள் இயக்கத்துக்கு வந்தால் இரண்டு வீட்டு வேலை. அங்கேயும் டீ போடுகிறாள், இங்கேயும் டீ போடுகிறாள். மேடையில் நன்றியுரை மட்டும் அவளுக்கு. விடுதிக் கதவு அடைக்கிற நேரத்தைக் கணக்கில் வைத்துக் கூட்டம் போடுகிறோமா? ஊரில் யாராவது "உம் மக பயலுகளோட சுத்துது" என்று சொன்னால் அந்த வாரமே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவளோடு இருக்கிற ஆண் தோழர்கள் அப்போது எங்கே போனார்கள்? போய் அந்தத் தாய் தகப்பனிடம் உட்கார்ந்து பேச வேண்டாமா?

அதேபோல் விடுதிக்குள்ளேயே பறையர், பள்ளர், அருந்ததியர் என்று தனித்தனித் தட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்து சாதி ஒழிக என்று கத்துவதில் அர்த்தமில்லை. அருந்ததியருக்கு மூன்று சத உள் ஒதுக்கீடு 2009-இல் சட்டமானது. அதைக் குறை பேசுகிறவன் நம் விடுதியிலேயே இருக்கிறான். மலம் அள்ளுகிற குடும்பத்திலிருந்து முதல் ஆளாக வருகிற பிள்ளைக்குத்தான் உன் பாடக் குறிப்பு முதலில் போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது, வேலை. வேலையைப் பற்றிப் பயப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிலம் இல்லாதவனுக்குச் சம்பளம்தான் நிலம். ஒரு அரசு வேலை ஒரு குடும்பத்தையே பண்ணையார் வாசலிலிருந்து விலக்கிவிடுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவனை "பதவி மோகம்" என்று கேலி செய்யாதீர்கள். திருமாவளவன் மதுரையில் அரசு தடய அறிவியல் துறையில் வேலை பார்த்துக்கொண்டேதான் 1990-இல் தலித் பேந்தர்ஸ் தலைமைக்கு வந்தார். 1999-இல் தேர்தலில் நிற்கும்போதுதான் வேலையை விட்டார். 1981 மீனாட்சிபுரம் மதமாற்றம் பற்றிய முனைவர் ஆய்வை, ஐம்பத்தைந்து வயதைத் தாண்டி 2018-இல் முடித்தார். அவர் அரசியலில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். படிப்புக்கு வயதுக் கெடு வைத்தது யார் என்று மட்டும் கேளுங்கள். கான்ஷிராம் புனேயில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அம்பேத்கர், புத்தர் பிறந்தநாள் விடுமுறையை ரத்து செய்ததை எதிர்த்து நின்ற தினாபானா என்ற கடைநிலை ஊழியருக்குத் துணை நின்றதில் தொடங்கியதுதான் அவர் அரசியல். 1978 டிசம்பர் 6-இல் படித்த ஊழியர்களை வைத்தே பாம்செப் அமைப்பை முறைப்படி தொடங்கினார். வேலையில் இருப்பவன் நேரடி அரசியல் செய்ய நடத்தை விதி தடுக்கும். மூளையையும் பணத்தையும் நேரத்தையும் சமூகத்துக்குத் திருப்பித் தருவதை எந்த விதி தடுக்கும்? 1956-இல் ஆக்ராவில் அண்ணல் வருந்தியது, வேலைக்குப் போனவர்கள் சேரியைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்றுதான். போனதற்காக வருந்தவில்லை.

"வழக்கு விழுந்தா வேலை போயிருமே?" இந்தச் சீட்டும் நிறைய வந்திருக்கிறது. நேராகச் சொல்கிறேன். காவல் துறை வேலைக்கு முயல்கிறவன் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். அங்கே வழக்கில் பெயர் இருந்ததே தடையாக வரும். மற்ற வேலைகளுக்கும் விசாரணை உண்டு. ஆனால் பயத்தில் விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. கேட்டிருந்தால் உள்ளதை எழுது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. இளம் வயதில் முழக்கம் போட்டது போன்ற சிறிய வழக்கைச் சொல்லாமல் விட்டிருந்தால்கூட, அதைப் பொருட்படுத்தாமல் விட நிர்வாகத்துக்கு இடம் உண்டு என்றது. ஆனால் அது நிர்வாகத்தின் விருப்பம், உன் உரிமை என்று நினைத்துவிடாதே. எனவே அனுமதி வாங்கி ஆர்ப்பாட்டம் நடத்து. வக்கீல் தோழரின் பெயரும் எண்ணும் சட்டைப் பையில் இருக்கட்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி வை. இறுதியாண்டு மாணவனையும் வேலை உத்தரவுக்குக் காத்திருப்பவனையும் முன்வரிசையில் நிறுத்தாதே. அந்த இடத்தில் எங்களைப் போன்றவர்கள் நிற்கிறோம்.

கடைசியாக ஒன்று. 2016 ஜனவரி 17-இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். ஆய்வு மாணவர், அம்பேத்கர் மாணவர் சங்கத் தோழர். மாதக்கணக்கில் உதவித்தொகையை நிறுத்திவைத்தார்கள். விடுதியைவிட்டு ஐந்து பேரை வெளியேற்றினார்கள். 2017 மார்ச்சில் சேலத்துத் தம்பி முத்துக்கிருஷ்ணனை டெல்லியில் இழந்தோம். படிப்பு, இயக்கம், பணக் கவலை மூன்றும் ஒரு தனி மனிதனின் தோளில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை இந்தச் சாவுகள் நமக்குச் சொல்லிவிட்டன. இனி நமக்குத் தியாகிகள் வேண்டாம். பட்டம் வாங்கி, கிழவன் கிழவியாகி, பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற போராளிகள் வேண்டும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் இரண்டு நாள் சாப்பிட வரவில்லை என்றால், மூன்றாம் நாள் தட்டாதே. முதல் நாளே தட்டு.

ஆகவே, சமாளிப்பது எப்படி என்று ஒவ்வொருவனும் தனித்தனியாகக் கேட்பதை நிறுத்துவோம். நாம் எப்படிப் பங்கிட்டுச் சுமப்பது என்று கேட்போம். இந்தக் கூட்டத்தின் முன் நான்கு வேலைகளை வைக்கிறேன். ஒன்று, அல்லிநகரத்தில் ஞாயிறுதோறும் மாலை ஒரு படிப்பு வட்டம். பாதி நேரம் பாடம், பாதி நேரம் அண்ணலின் எழுத்து. இரண்டு, உதவித்தொகை, தேர்வு, வேலைவாய்ப்புக் கடைசித் தேதிகளைச் சேரிதோறும் ஒரு கரும்பலகையில் எழுதிவைப்பது. மூன்று, வேலையில் இருப்பவர்கள் மாதம் ஒரு நாள் சம்பளம் தருவது. உதவித்தொகை வரும்வரை தேர்வுக் கட்டணம் அதிலிருந்து போகும், பணம் வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். நான்கு, தேர்வு மாதங்களில் மாணவர்களுக்கு இயக்க வேலை கிடையாது. சுவரொட்டியை நாங்கள் ஒட்டிக்கொள்கிறோம்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை எங்களோடு வந்தால் படிப்பு கெடும் என்று பயந்தீர்கள். இனி மதிப்பெண் பட்டியலை எங்களிடமும் கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள். நோட்டு அந்த மேசையில் இருக்கிறது. படிப்பு வட்டத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் கொடுத்துவிட்டுப் போங்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜெய்பீம்.